வளவன் இல்லாத மேடை

அம்மாபேட்டை,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மனைவி பிரகதி எழுதுவது. கல்யாணமானதிலிருந்து உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இதுதான். போனில் பேசினால் பாதியிலேயே குறுக்கே பேசுகிறீர்கள். குரல் பதிவு அனுப்பினால் வேகத்தைக் கூட்டி வைத்துக் கேட்கிறீர்கள். அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். கூத்தாநல்லூர் தௌபீக் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை ஓமனுக்குத் திரும்புகிறார். சோஹாரில் உங்கள் கேம்ப்புக்கே வந்து கையில் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து தனியாக உட்கார்ந்து படியுங்கள்.

நானும் அத்தையும் நன்றாக இருக்கிறோம். குறுவை அறுப்பு முடிந்துவிட்டது. நெல் கொள்முதல் நிலையத்து வாசலில்தான் கிடக்கிறது. ஈரம் அதிகம், காயவைத்துக் கொண்டுவாருங்கள் என்கிறார்கள். வெயில் முகம் காட்டினால்தானே காயவைக்க? அத்தை தார்ப்பாயைப் போட்டு மூடிவிட்டு அங்கேயே காவல் இருக்கிறார்கள். "அவன்கிட்ட சொல்லித் தொலைக்காத, அங்க ஒக்காந்து கவலப்படுவான்" என்றார்கள். நான் சொல்லிவிட்டேன். உங்களிடம் எதையும் மறைக்கக் கூடாது என்றுதான் இந்தக் கடிதமே.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் செய்து ஒரே கேள்வி கேட்டீர்கள். "நேத்து தஞ்சாவூர் ப்ரோக்ராம் நல்லா இருந்துச்சா, இல்லையா? ஒரே வார்த்தைல சொல்லு." அப்புறம் சொல்கிறேன் என்றேன். உடனே வைத்துவிட்டீர்கள். வைப்பதற்கு முன்னால், "ஜனங்க கூப்பிடுறாங்க பிரகதி. வேலைய வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துடலாம்னு இருக்கேன்" என்று சொன்னீர்கள். அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

நிகழ்ச்சி மோசமாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். டிரம்ஸில் உங்கள் இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்து வாசிப்பதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ஆனால் யோசித்தால் யார் மேல் குறை சொல்வது? இரண்டு வருடச் சம்பா மழையில் போனபிறகுதான் நீங்கள் விமானம் ஏறினீர்கள். நீங்கள் வருகிறவரை மேடை ஏற மாட்டோம் என்று சூர்யபிரகாஷ் அண்ணன் சொன்னார். சொன்னபடியே ஒரு வருடத்துக்கு மேல் பாடாமல் இருந்தார். பாலிடெக்னிக் நாளில் நீங்கள் இருவரும் ஆரம்பித்த 'கடைமடை' இசைக்குழு அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பிறகுதான் நாகூரிலிருந்து நஃபீசாவை டிரம்ஸுக்குச் சேர்த்தார்கள்.

சனிக்கிழமை திடல் நிறைந்திருந்தது. திருவாரூர், மன்னார்குடியிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். முன்வரிசையில் அரசப்பனும் அவன் கூட்டாளிகளும் நின்றார்கள். உங்கள் ரசிகர் குழுவை நடத்துகிறானே, அவனேதான். எல்லோரும் உங்கள் பெயர் அச்சடித்த கறுப்புச் சட்டை போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நானும் ஒரு காலத்தில் அதே கூட்டத்தில் நின்று உங்கள் பெயரைக் கத்தினவள்தானே.

நஃபீசா மேடைக்கு வந்ததுமே ஆரம்பித்துவிட்டார்கள். "வளவன்! வளவன்!" பாட்டுக்குப் பாட்டு அதே சத்தம். பின்னால் இருந்த பெண்கள் கல்லூரிக் கும்பல் ஒன்று எழுந்து, "கேக்க விடுங்கடா!" என்று திருப்பிக் கத்தியது. சூர்யா அண்ணன் இரண்டு தடவை பாட்டை நிறுத்திக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தப் பெண் மட்டும் யாரையும் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் 'உடைப்பு' பாட்டு. கரை உடைந்து தண்ணீர் ஊருக்குள் வருகிற இடத்தில் நீங்கள் தனியாக வாசிப்பீர்களே, அதற்காகத்தான் பாதிப் பேர் வந்திருந்தார்கள். இந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? அந்த இடத்தில் கையை எடுத்துவிட்டாள். ஒரு சத்தமும் இல்லை. கிடார் இல்லை, எதுவும் இல்லை. அவ்வளவு பெரிய திடலில் பின்னால் ஜெனரேட்டர் ஓடுவது கேட்டது. தண்ணீர் வந்து போனபிறகு ஊர் எப்படிக் கிடக்கும், அப்படி இருந்தது. நான் என் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அப்போதுதான் முன்வரிசையில் ஊளையிட்டார்கள். ஒரு தண்ணீர் பாட்டில் பறந்து போனது. பாதி நிரம்பிய பாட்டில். நஃபீசாவின் இடது புருவத்தில் பட்டு ரத்தம் வந்தது.

சூர்யா அண்ணன் மைக்கைப் போட்டுவிட்டு மேடையிலிருந்து குதிக்கப் போனார். கீழே சண்டைக்கு நாலு பக்கமும் ஆள் திரண்டுவிட்டது. குழந்தையோடு வந்தவர்கள் வெளியே ஓடினார்கள். என்னை யாரோ தள்ளி, நான் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த நேரத்தில் நஃபீசா குச்சியோடு குச்சியைத் தட்டி எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சூர்யா அண்ணன் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடி எண்ணினாள். அவர் போய் மைக்கை எடுத்தார். பாட்டு முடிகிறவரை ரத்தத்தைத் துடைக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை.

வெளியே டீக்கடையில் பெரிய பட்டிமன்றமே நடந்தது. அரசப்பன் உச்சக் குரலில், "உடைப்புல உடைப்பே இல்லைன்னா அது என்னய்யா பாட்டு? எங்க காச வாங்கிட்டு சும்மா ஒக்காந்திருக்கு அந்தப் பொண்ணு" என்றான். கல்லூரிப் பெண் ஒருத்தி விடவில்லை. "நீங்க பாட்டக் கேக்க வந்தீங்களா, வளவனக் கேக்க வந்தீங்களா? அவரு பேரச் சொல்லிச் சொல்லியே ஒரு பாட்டும் காதுல விழல" என்றாள். டிராக்டர் ஓட்டும் நம்ம துரைராசு அண்ணன் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டு, "எனக்குப் பழைய அடிதான் வேணும், நெஞ்சு அதிரும்ல. ஆனா இதுவும் என்னமோ பண்ணுதுப்பா. பாட்டில் வீசுற அளவுக்கு ஒண்ணும் மோசமில்ல" என்றார். அவரையும் அடிக்கப் போனார்கள். நான் யார் என்று தெரிந்ததும் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். "அண்ணி, நீங்களே சொல்லுங்க" என்றான் அரசப்பன். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் குழுவில் ஒரு பதிவு போட்டார்கள். 'வளவன் இல்லாத கடைமடை, தண்ணி வராத கடைமடை' என்று எழுதி, அந்தப் பாட்டில் பறக்கிற காட்சியைக் கீழே வைத்திருந்தார்கள். நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள். அதற்குக் கீழே ஒரு சிவப்பு இதயம். உங்கள் பெயர்.

ஷிஃப்ட் நடுவில் முழுக்கப் பார்க்காமல் போட்டிருப்பீர்கள். எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். ஆனால் நேற்று நஃபீசாவின் வாப்பா ஜெக்கரியா போன் செய்தார். என் நம்பரை எப்படியோ வாங்கியிருக்கிறார். குரலை உயர்த்தவே இல்லை. "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம நாகப்பட்டினத்துல ப்ரோக்ராம் இருக்கும்மா. வேன் வச்சு வர்றோம்னு அந்தக் குழுவுல எழுதியிருக்காங்க. பிள்ளை போயே தீருவேன்ங்குது. புருவத்துல தையல் போட்டிருக்கு. கண்ணுல பட்டிருந்தா? உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை சொன்னா நின்னுடும். அவரு ஹார்ட்டு போட்டிருக்காரேம்மா" என்றார். அவரிடம் சொல்கிறேன் என்றேன். சரிம்மா என்று வைத்துவிட்டார்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். நிகழ்ச்சி நன்றாக இருந்தது, மாமா. நீங்கள் வாசிப்பது போல இல்லை. வேறு மாதிரி, ஆனால் நன்றாக இருந்தது. மோசம் என்று நான் எழுதினால் நீங்கள் கிடைக்கிற விமானத்தில் ஏறி வந்துவிடுவீர்கள். அந்த வார்த்தையை எழுத இரண்டு நாளாகப் பேனாவும் கையுமாக உட்கார்ந்திருந்தேன். அது பொய் என்பதால் எழுதவில்லை.

பாட்டிலை எறிந்தவன் யார் என்று தெரியவில்லை. எறிந்தபோது அவன் வாயில் இருந்தது உங்கள் பெயர். அதை நீங்கள்தான் அவன் வாயிலிருந்து எடுக்க வேண்டும். என்ன சொல்வது, எப்படிச் சொல்வது என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். அந்தப் பெண் முகத்தில் இன்னொரு காயம் பட்டால், நான் உங்கள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

கோபத்தில் கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் சாப்பிடாமல் படுக்க வேண்டாம்.

உங்கள்,
பிரகதீஸ்வரி.


அம்மாபேட்டை,
புதன்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு,

ரசிகர் குழுவில் நீங்கள் பேசிப் போட்ட வீடியோவைப் பார்த்தேன். ஊரே பார்த்தது. அத்தை பார்த்துவிட்டு, "எளைச்சுப் போயிட்டானே" என்று மட்டும் சொன்னார்கள். அதற்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு போனும் இல்லை. நான் போட்டாலும் மணி அடித்து அடித்து ஓய்ந்துபோகிறது. வேலையில் இருப்பதாகத் தௌபீக் அண்ணன் சொல்கிறார். வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார். அதனால் மறுபடியும் காகிதம். இதைத் தபாலில் போடுகிறேன்.

"என் பேரச் சொல்லி ஒரு பொண்ணு மேல பாட்டில் எறியிறவன் என் ரசிகன் இல்ல. நான் ஹார்ட்டு போட்டது தப்பு" என்று நீங்கள் சொன்னதும் நான் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைக் கேட்டேன். "அந்த எடத்துல அந்தப் பொண்ணு கைய எடுத்துச்சு பாருங்க, எனக்கு அது தோணாம போச்சு" என்று சொன்னபோது உங்கள் குரல் லேசாக உடைந்தது. மற்றவர்களுக்குத் தெரிந்திருக்காது.

ரசிகர் குழுவில் உங்களைச் சும்மா விடவில்லை, திட்டித் தீர்த்துவிட்டார்கள். ஓமன் காசு பேசுகிறது என்று ஒருவன். சூர்யா அண்ணன் மிரட்டி வாங்கிய வீடியோ என்று இன்னொருவன். அரசப்பன் வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் வண்டியை நிறுத்தி இறங்காமலே, "அண்ணன் எங்களை அசிங்கப்படுத்திட்டாரு அண்ணி. அவருக்காகத்தானே செஞ்சோம்" என்றான். பார்த்தால் பாவமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. நாகப்பட்டினத்துக்கு வருவாயா என்று கேட்டேன். வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை நாகப்பட்டினத்துக்கு நானே போனேன். அத்தை தனியாகப் போகாதே என்றார்கள். துரைராசு அண்ணன் குடும்பத்தோடு போனேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுத்துக்கொண்டார்கள், அந்தக் கவலை விட்டது. மேடைக்குப் பின்னால் நஃபீசாவைப் பார்த்தேன். சின்னப் பெண், மாமா. புருவத்தில் பிளாஸ்திரி. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணன் வாசிச்ச மாதிரி எனக்கு வராதுக்கா. வராததுனாலதான் கைய எடுத்தேன்" என்றாள். ஜெக்கரியா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நிகழ்ச்சி முடிகிறவரை அவர் அந்த நாற்காலியில் சாயவே இல்லை.

வேன் வந்தது. அதில் வந்தவர்கள் முன்னால் வரவில்லை. அரசப்பன் கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அன்று அந்தச் சட்டை போடவில்லை. 'உடைப்பு' ஆரம்பித்ததும் நான் திரும்பி அவனைப் பார்த்தேன். அவள் கையை எடுத்தாள். திடல் அடங்கியது. எங்கேயோ ஒருவன் இருமினான், அதற்கே காவலுக்கு வந்த போலீஸ்காரர் திரும்பிப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. அவள் மறுபடி வாசிக்க ஆரம்பித்தபோது பாதித் திடல் எழுந்து கத்தியது. மீதிப் பாதி உட்கார்ந்தே இருந்தது. அரசப்பன் கைதட்டவில்லை. ஆனால் கடைசிவரை நின்றான்.

வெளியே வந்தால் திரும்பவும் அதே வாக்குவாதம். அந்தச் சும்மா இருக்கிற இடம் இன்னும் நீளமாக இருக்கலாம் என்று சிலர், வளவன் வந்தால்தான் பாட்டுக்கே உயிர் என்று சிலர். துரைராசு அண்ணன் வண்டி ஓட்டிக்கொண்டே மன்னார்குடி வரை இரண்டு பக்கமும் பேசினார். யாரும் யாரையும் அடிக்கவில்லை. எனக்கு அது போதும் என்று இருந்தது.

சூர்யா அண்ணன் உங்களுக்குச் சொல்லச் சொன்னார். நீங்கள் எப்போது வந்தாலும் மேடையில் இடம் உண்டாம், இரண்டு டிரம்ஸ் வைத்துப் புதிதாகப் பாட்டு செய்யலாமாம். சொல்லிவிட்டேன். அதற்கு என்ன பதில் என்பது உங்கள் இருவருக்கும் இடையில் உள்ளது.

எனக்கென்று ஒன்று கேட்கிறேன். நீங்கள் வேலையை எழுதிக் கொடுத்துவிட்டீர்களா, இல்லையா என்று தெரியாமல் இருக்கிறேன். போனை எடுக்காததற்கு என் முதல் கடிதம்தான் காரணம் என்றால், அதைத் திட்டவாவது ஒரு தடவை எடுங்கள். கூட்டம் கூப்பிடுகிறது என்பதற்காக வர வேண்டாம். வருவதென்றால், லீவாக இருந்தாலும் ஒரேயடியாக இருந்தாலும், குழுவில் போட வேண்டாம், சூர்யா அண்ணனிடமும் சொல்ல வேண்டாம். திருச்சி விமான நிலையத்துக்கு நான் மட்டும் வருகிறேன். நீங்கள் வீட்டுக்கு வந்திருப்பது நான்கு நாளைக்கு யாருக்கும் தெரிய வேண்டாம்.

கண் விழித்து வேலை செய்யாதீர்கள். வெயிலில் தொப்பி போடுங்கள். நல்லபடியாக இருங்கள்.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
பிரகதி.