போர்ட்டோஃபினோவில் ஐந்து கதிரைகள்

லா சப்பல், பாரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். போனில் கேட்டால் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

லீவுக்குச் சித்தியும் சித்தப்பாவும் என்னை நீஸுக்குக் கூட்டிப் போனார்கள் அல்லவா, அங்கிருந்து ஒருநாள் இத்தாலியில் போர்ட்டோஃபினோ என்ற கடற்கரை ஊருக்குக் காரில் போனோம். வடிவான இடம். பல ஜன்னல்கள் சுவரில் வரைந்த வெறும் படங்கள். கிட்டப் போனால்தான் தெரிகிறது.

கடலுக்குப் போக எனக்கு எதற்குச் சேலை? "படத்துக்கு வடிவா இருக்கும், உடு" என்றார் சித்தி. பாரிஸில் ரூ பஜோல் தெருவில் தன் கடையைத் திறந்த அன்றே ராகுகாலம் பார்க்காத சித்தப்பா, இந்தப் பயணத்தன்று அது முடியும்வரை காரை எடுக்கவில்லை.

துறைமுகத்துச் சாப்பாட்டுக் கடையில் நாங்கள் மூன்று பேர். சித்தப்பா ஐந்து கதிரை போடுவித்தார். சற்று நேரத்தில், "எட, நீங்களும் இஞ்சையோ!" என்று ஜெனோவாவிலிருந்து தில்லைநாயகி மாமி வந்தார். கூடவே மகன் மதுஷன். அவர் தலை நிமிரவேயில்லை. "பிள்ளை சமைப்பாவோ?" என்று மாமி கேட்டது சித்தியிடம். பிறகு என்னிடம், "இத்தாலியன் லேசு பிள்ளை, ஆறு மாசத்திலை பிடிச்சிடுவீர்" என்றார். நான் ஏன் பிடிக்க வேண்டும்?

ஊரில் கோயில் வீதியில் பெண் பார்ப்பார்கள். இங்கே பணக்காரரின் படகுகளுக்கு முன்னால். எங்கள் நிறத்தில் அங்கே வேறு ஒருவர்தான் இருந்தார், கடையின் பின்கதவில் குப்பைப் பையோடு. என் சேலையைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கே விளங்கிவிட்டது.

சித்தியும் சித்தப்பாவும் படமெடுக்கப் போனபோது படித்துறையில் அலை அடித்து என் கால் நனைந்தது. பக்கத்தில் நின்றது மாமி மட்டும். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் செவ்வாய்க்கிழமை போனில் நீங்கள், "கடலுக்கை காலை நனைச்சிட்டியாம், சளி பிடிக்கப் போகுது" என்றீர்கள்.

அம்மா, வாக்குக் கொடுத்துவிட்டீர்களா? செப்டம்பரில் எனக்குத் தாதி உதவியாளர் படிப்பு தொடங்குகிறது. முதியோர் இல்லத்தில் தரை துடைத்துக்கொண்டே பிரெஞ்சு படித்து எடுத்த இடம். ஜெனோவா போனால் திரும்பவும் துடைப்பத்திலிருந்து தொடங்க வேண்டும். மதுஷன் நல்லவராக இருக்கலாம். அவரையும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

அப்பா மருந்தைத் தவறவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வரக்கூடாது. எனக்குச் சளி பிடிக்கவில்லை. இதை மாமியிடம் கேட்காதீர்கள், என்னிடம் கேளுங்கள். மற்றதையும் என்னிடமே கேளுங்கள்.

உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கும் மகள்,
சாம்பவி