முன்பக்கம் நான்கு விரல் நீளம்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் சுகம். தையல் மெஷினும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுத்தால் உன் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள். பார்சலுக்குள் வைக்கிற காகிதத்தை அவளால் பிடுங்க முடியாது.

இதைப் படிப்பதற்குள் கவுனைப் பிரித்துப் பார்த்திருப்பாய். நீலப் பருத்தி, சின்ன வெள்ளைப் புள்ளி. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, பக்கத்தில் நாடா போட்டுக் கட்டிக்கொள்கிற மாதிரி. கழுத்துப்பட்டியைப் பார்த்துச் சிரிக்காதே. அது என் உயிரை வாங்கிவிட்டது. வலது பக்கம் படுத்தால் இடது பக்கம் எழுந்துகொண்டது. கடைசியில் அயர்ன் பெட்டியை வைத்து அழுத்தி, இரண்டையும் சமாதானம் செய்துவைத்தேன்.

இது எந்தப் பேட்டர்ன் என்று கேட்பாய். பழைய புத்தகக் கடைக்காரர் எனக்கென்று எடுத்துவைத்திருந்த பெட்டியில் இருந்தது. எல்லாம் நான் பிறப்பதற்கு முன்னால் அச்சான உறைகள். உள்ளே வெங்காயச் சருகு மாதிரிக் காகிதம், அதில் கோடு கிடையாது, எழுத்து கிடையாது, வெறும் துளைகள்தான். பெரிய துளை என்றால் இங்கே துணியை மடி, சின்னத் துளை என்றால் இங்கே தையல் போடு என்று அர்த்தம். ஆயுசு முழுக்கத் தகரப் பட்டறையில் தட்டைத் தகட்டை வெட்டிக் காற்றுக் குழாய் செய்தவனுக்கு இது புரியாமல் போகுமா? பிரவுன் தாளில் படி எடுத்துக்கொண்டு, அசல் காகிதத்தைத் திரும்ப உறைக்குள் வைத்துவிடுகிறேன். உறையில் இருக்கிற பெண்கள் எல்லாரும் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று பார்ப்பதுபோல நிற்கிறார்கள்.

உன் அம்மாவுக்கு நான் தைத்த முதல் கவுன் கதையை மாப்பிள்ளைக்குச் சொல்லியிருக்கிறாயா? சொல்லாவிட்டால் இதைப் படித்துக் காட்டு. தகரத்தில் பழகின கை. அவளை அளந்தேன், அளந்தபடியே அச்சாக வெட்டினேன், நூல் பிசகாமல் தைத்தேன். தையலுக்குத் துணி விட்டேன், ஆனால் உடம்புக்கும் துணிக்கும் நடுவே இடம் விடவில்லை. உள்ளே போனவளுக்கு வெளியே வரத் தெரியவில்லை. கையைத் தூக்க முடியவில்லை, உட்கார முடியவில்லை. நின்ற நிலையிலேயே பிளேடால் தையலைப் பிரித்தேன். அவ்வளவு நேரமும் எனக்கு அர்ச்சனை. "உடம்ப அளந்தீங்க, சரி. மூச்ச யாரு அளக்குறது?" என்றாள். அன்றிலிருந்து அளவை எழுதியதும் பக்கத்திலேயே 'மூச்சு' என்று எழுதி, அதற்கும் சேர்த்து வெட்டுகிறேன்.

இனி ரிப்பன் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே ஒரு டேப், இங்கே ஒரு டேப், எண்களை நம்ப மாட்டேன் என்று நான்தான் வெள்ளை ரிப்பன் சுருளை அனுப்பி, உடம்பைச் சுற்றிப் பிடித்து வெட்டி அனுப்பச் சொன்னேன். நீயும் தோள், மார்பு, இடுப்பு என்று ஒவ்வொன்றிலும் எழுதி அனுப்பினாய். போன வருஷத்து ரிப்பன்கள் மெஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகின்றன. புதிதாக வந்தவற்றையும் அதே ஆணியில் மாட்டிவிட்டு, இரண்டு நாள் கழித்துத்தான் சேர்த்துப் பிடித்துப் பார்த்தேன். தோள் சரி. கை சரி. இடுப்பு ரிப்பன் மட்டும் பழையதைத் தாண்டி, ஒரு சாண் கீழே தொங்கியது. மாப்பிள்ளை குளிர் சட்டைக்கு மேலே அளந்துவிட்டார் என்று முதலில் அவரைத்தான் திட்டினேன். அப்புறம்தான் உறைத்தது, குளிர் சட்டை போட்டிருந்தால் கையும் பெருத்திருக்குமே. வீடியோவில் நீ கொஞ்ச நாளாகக் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டுவதும் ஞாபகத்துக்கு வந்தது. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு? எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை, பயப்படாதே. முன்பு இரண்டு தடவையும் நீ சொன்ன அன்றைக்கே உன் அம்மா தண்டோரா போட்டுவிட்டாள். சந்தோஷத்தை அடக்கத் தெரியாதவள். பிறகு எதுவும் தங்காமல் போனபோது, சேதி தெரியாத ஒவ்வொருவரும் உன்னையே கூப்பிட்டு எத்தனாவது மாசம் என்று விசாரித்தார்கள். ஒவ்வொருவருக்கும் நீதான் உன் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. "இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க. நானே சொல்றப்ப சொல்றேன்" என்று போனை வைத்தாய். நீ சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் ரிப்பனைப் பற்றி உன் அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை.

பெட்டியில் தேடி, இருப்பதிலேயே தாராளமாக இருந்த பேட்டர்னை எடுத்தேன். உறைப் படத்தில் இந்தப் பெண் மட்டும் இடுப்பில் கை வைக்காமல், ஒரு பெரிய பூச்சாடிக்குப் பின்னால் நிற்கிறாள். படக்காரருக்குச் சாடி வரைவதில் ஆசை போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வெட்டித் தைத்து, கதவில் மாட்டிப் பார்த்தால், முன்பக்கம் பின்பக்கத்தைவிட நான்கு விரல் நீளம். படியைத் திரும்பப் பார்த்தேன். பிசகு என்னுடையது இல்லை, காகிதமே அப்படித்தான் இருந்தது. அந்தக் காலத்து ஆளும் தப்பு செய்திருக்கிறார் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. கவுனை மேஜையில் விரித்து, ஓரத்தைச் சமமாக்கக் கத்தரிக்கோலை வைத்தேன்.

உன் அம்மா துவைத்த துணியோடு அந்தப் பக்கம் போனவள், துணியைக் கீழே போட்டுவிட்டு வந்து என் கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்கினாள். "வெட்டாதீங்க. போகப் போக முன்னாடி தூக்கும். அப்ப சமமாயிடும்" என்றாள். பூச்சாடி எதற்கு என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

உனக்கு எப்படித் தெரியும் என்று அவளைக் கேட்டேன். "பழைய ரிப்பனையும் புது ரிப்பனையும் ஒரே ஆணியில மாட்டி வச்சிருக்கீங்க. பெரிய ரகசியக்காரரு" என்றாள். அவளுக்கு எனக்கு முன்பே தெரிந்திருக்கிறது. ரிப்பன் வந்த அன்றைக்கே தெரிந்திருக்கிறது. எனக்கு ஆச்சரியம் அதில் இல்லை. பக்கத்துத் தெருவில் யார் வீட்டுக் குழாய் உடைந்தாலும் பத்துப் பேருக்குச் சொல்லாமல் தூங்காதவள், இதை யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம்கூடச் சொல்லவில்லை. "நான் சொன்னா உங்க மூஞ்சி காட்டிக் கொடுத்துடும்" என்கிறாள். எப்படி இருக்கிறது நியாயம்?

நேற்று மாடி வீட்டு அக்கா வந்தார். வந்தவர் கண் நேரே கவுன்மேல்தான் போனது. தூக்கிப் பிடித்து, முன்னால் பார்த்து, பின்னால் பார்த்து, இது யாருக்கு என்று இழுத்தார். நான் நூல்கண்டைத் தேடுவதுபோல மெஷினுக்குக் கீழே குனிந்துகொண்டேன். உன் அம்மா துளி அசராமல், "எனக்குத்தான். வயசாவுது, லூசா இருந்தா சௌகரியம்" என்றாள். அக்கா நம்பாமல், போட்டுக் காட்டு என்றார். போட்டுக் காட்டினாள். முன்பக்கம் காலைத் தட்ட, கூடத்தில் ஒரு நடை நடந்து காட்டினாள். உங்க வீட்டுக்காரருக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை என்று அக்கா சொல்லிவிட்டுப் போனார். தையல்காரனாக என் மானம் போனது போனதுதான். அவர் படி ஏறிப் போனதும் உன் அம்மா கவுனைக் கழற்றி மடித்து மடியில் வைத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு ஊசியை எடுத்தாள். கீழ் ஓரம் முழுக்க அவள் கைத்தையல். என் தையலைவிட நெருக்கமாக இருக்கும், பார்த்தாலே தெரியும்.

கவுனைப் பற்றி இரண்டு வார்த்தை. பக்கத் தையலில் உள்ளே நிறையத் துணி விட்டிருக்கிறேன். வேண்டுமானபோது மாப்பிள்ளையைப் பிரித்துவிடச் சொல். பிளேடு வேண்டாம், அவர் அவசரக்காரர். நாடாவைத் தளர்த்தினாலும் உனக்குச் சரியாக இருக்கும், இறுக்கிக் கட்டினாலும் சரியாக இருக்கும். முன்பக்க நீளத்தை உள்ளே மடித்து ஒரு ஓட்டுத் தையல் போட்டால் சாதாரணக் கவுன்தான், யாருக்கும் எதுவும் தெரியாது. அதையும் யோசித்துத்தான் தைத்திருக்கிறேன் அம்மா. எப்படி ஆனாலும் இது உன் கவுன்.

இந்த இடத்தில் உன் அம்மா வந்து காகிதத்தைப் பிடுங்கிவிட்டாள். பிடுங்க முடியாது என்று மேலே எழுதியதை அடித்துவிடலாம். படித்துவிட்டு, தானும் எழுதுகிறேன் என்று பேனாவை வாங்கினாள். பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள், உட்கார்ந்திருந்தாள். "எழுதினா நிறுத்த மாட்டேன்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று மட்டும் எழுதச் சொல்கிறாள்.

எங்களுக்கு நீ எதுவும் சொல்ல வேண்டாம். உனக்குத் தோன்றுகிறபோது சொல், தோன்றாவிட்டால் விடு. நீ நன்றாக இருக்க வேண்டும், உன் மனசு நிம்மதியாக இருக்க வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். ஒரே ஒரு வேண்டுதல் உண்டு. உள்ளே விட்ட துணி எல்லாவற்றையும் பிரித்தும் போதவில்லை, அப்பாவுக்கு அளவே தெரியவில்லை என்று ஒரு நாள் நீ என்னைத் திட்டி எழுத வேண்டும்.

அந்தத் திட்டுக்காகக் காத்திருக்கும்,
அப்பா