மூடிகளை இறுக்கிய கீதாவுக்கு

கீதா கண்ணு,

"அம்மணி, இடது கன்னத்துல பாதிய உட்டுப்போட்டயே" என்று அப்பா போன மாதம் கண்ணாடியைப் பார்த்து என்னிடம் சொன்னதுதான் கடைசிப் பேச்சு. நான் நுரைக் கிண்ணத்தைக் கழுவிவிட்டு வருவதற்குள் போய்விட்டார். பக்கவாதம் வந்தவருக்கு என் முடக்குவாதக் கையால் சவரம் என்றால், பாதிக் கன்னமே பெரிய காரியம்.

"உங்களால தனியா இருக்க முடியாதுங்கம்மா" என்று நேற்று நீ தீர்ப்புச் சொன்னாய். சொன்ன கையோடு சமையலறையை ஒழுங்குபடுத்தி, எல்லா டப்பா மூடிகளையும் இறுக்கியும் விட்டாய். அவை தளர்வாகக் கிடந்தது என் சோம்பேறித்தனம் என்று நினைத்தாய் போல. இப்போது உன் தீர்ப்பு பலித்துவிட்டது. என்னால் உப்பு டப்பாவைக்கூடத் திறக்க முடியவில்லை. குக்கரில் அரிசிம்பருப்பு சாதம் இருக்கிறது, உப்பை நீயே போட்டுக்கொள்.

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை; ரத்தப் பரிசோதனைக்கு ஈரோடு போகிறேன். வாடகைக்கு வீடு பார்க்க நீ வரச்சொன்னவர்கள் வந்தால் காப்பி கொடு. கோபியில் இந்த வீடு காலியாகாது என்பதையும் மரியாதையாகச் சொல்லிவிடு. சரவணம்பட்டியில் உன் பத்தாவது மாடிக்கு நான் விருந்தாளியாக மட்டும் வருவேன்.

அம்மா

பூட்டைத் திருக முடியவில்லை, கதவைச் சாத்தி மட்டும் வைத்திருக்கிறேன். திருடன் வந்தால் அந்த மூடிகளைத் திறந்து கொடுத்துவிட்டுப் போகச் சொல்.

கோபமில்லை கண்ணு. விடியுமுன் வெந்நீரில் ஊறவைத்தால்தான் என் விரல்கள் மடங்கும். அப்பா எழுவதற்குள் கை தயாராக வேண்டுமே என்று பழகியது. இன்றைக்கும் அவர் எழும் நேரத்துக்கு முன்பே தயாராகிவிட்டது.