தாழையின் வலப்பக்கம்

ஒக்டோபர் 30

மழை. தீவிலிருந்து படகு இல்லை. நாவலின் அச்சுப்படி மேசையில், திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டும். சின்னவளுக்கு இருமல். நெஞ்சில் கை வைத்துப் பார்த்தபடியே இருக்கிறேன். இவர் யாழ்ப்பாணத்தில், வேலையில்.

ஒன்பதாம் அத்தியாயம்தான் பயம். இவரின் அண்ணன் சண்டைக் காலத்தில் கடலுக்குப் போனவர், திரும்பவில்லை. நான் அவரைக் கண்டதே இல்லை. நாவலில் கொன்றுவிட்டேன். மேற்குக் கரையில் உடல் ஒதுங்கியது, அங்கே நிற்கும் ஒற்றைத் தாழையின் வலப்பக்கம் யாரோ புதைத்தார்கள். எல்லாம் கற்பனை.

ஒக்டோபர் 31

மாமிக்கு, இவரின் அம்மாவுக்கு, கண் மங்கல். நாவலை வாசித்துக் காட்டச் சொன்னார். ஒன்பதில் மாற்றி வாசித்தேன்: மகன் இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்தான், கடை வைத்தான்... வாயில் வந்ததெல்லாம்.

"உந்த இடத்திலை உம்மடை குரல் வேறை. எழுதினபடி வாசியும், பிள்ளை."

வாசித்தேன். மாமி அழவில்லை. அடுப்பில் பால் பொங்கப் போகுது, பாரும் என்றார்.

நவம்பர் 1

வெட்டிவிடலாமா? தொலைபேசியில் இவர்: கதைதானே, விடும். எதையும் எழுதலாம் என்று மேடையில் நானே பேசியிருக்கிறேன். இன்னொருத்தியின் பிள்ளையைச் சாகடிக்கவுமா? என் பிள்ளையை யாராவது அப்படி எழுதினால்? எழும்பி எழும்பிப் போய் அவள் மூச்சைக் கேட்டேன். பென்சிலை எடுத்தேன். வைத்தேன்.

வாங்க: சீனி, இருமலுக்குப் பாணி மருந்து, மெழுகுதிரி.

நவம்பர் 2

மரித்தோர் நாள். மழை இல்லை, காற்று. காணாமல் போனவர்களுக்கு எல்லாரும் சேமக்காலையில், கல்லறைகளின் நடுவே நிற்கும் சிலுவையடியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். மாமி ஒருநாளும் கொளுத்தியதில்லை. உயிரோடு இருப்பவனுக்குக் கூடாது என்பார். இன்றும் மாமாவின் கல்லறையில் மட்டும் ஒன்று. இன்னொரு திரி சேலைத் தலைப்பில்.

வெளியே வந்து வீட்டுப் பக்கம் திரும்பவில்லை, மேற்கே நடந்தார். சின்னவளைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன். தாழையடியில்தான் நின்றார்.

"மாமி, அது நான் கட்டின கதை. இஞ்சை ஒண்டும் இல்லை."

"ஓம், தெரியும். இவ்வளவு காலமும் அவன் கடல் முழுக்கக் கிடந்தவன். நீர்தான் ஒரு இடத்திலை கிடத்தினனீர். காத்தை மறையும்."

மறைத்தேன். ஆருக்கு என்று சின்னவள் கேட்டாள். பெரியப்பாவுக்கு என்றார் மாமி.

நாளை படகு ஓடுமாம். அச்சுப்படியில் வலப்பக்கம். மாமி திரி வைத்தது இடப்பக்கம். திருத்த வேண்டும்.