பட்டாணிக்கு அடித்த தண்ணீர்

பூண்டி மலைக்கிராமம், 1961, தை 5.

தோள் கழன்று விழுகிற மாதிரி வலிக்கிறது. பட்டாணிக் கொடியின் நுனியெல்லாம் அசுவினிப் பூச்சி அப்பிக் கிடந்தது. காலையில் என் கொழுந்தன் செல்லையா மருந்துப் பொடியோடு வந்து நின்றான்.

"மதினி, இதத் தூவிட்டா ஒரே நாள்ல சோலி முடிஞ்சிரும்" என்றான்.

"பிள்ளைக பறிச்சுப் பறிச்சுப் பச்சையாவே திங்குதுக. பொடி வேணாம் தம்பி. தண்ணியே போதும்" என்றேன்.

சொன்ன வாய்க்கு வேலையும் வந்து சேர்ந்தது. ஓடையிலிருந்து குடம் குடமாகச் சுமந்து, கைப்பம்பால் இலையின் அடிப்பக்கமெல்லாம் பீய்ச்சினேன். பூச்சி உதிர்ந்துவிட்டது. வெயில் இருக்கும்போதே செய்திருக்க வேண்டும். சமைத்து, மாட்டைப் பார்த்துவிட்டுப் போனதில், முடிக்கும்போது இருட்டிவிட்டது.

திரும்பும் வழியில் சேர்ந்துகொண்ட செல்லையா வானத்தைக் காட்டினான். மேகம் கலைந்திருந்தது. காற்றும் இல்லை.

"ராத்திரி உறைபனி விழும் மதினி. எலையெல்லாம் ஈரமாக் கெடக்கே, கருகிருமே."

என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். ஏசியிருந்தால்கூட நான் தூங்கியிருப்பேன்.

வெயில் படுமுன் எழுந்து, தண்ணீர் அடித்துப் பனியைக் கழுவிவிட்டால் கொடி தப்பிக்கும் என்றார் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுக் குறட்டையும் விட்டாயிற்று. அதே பம்பு, அதே கை.

பம்புக்குள் நீர் உறையாமலிருக்க அடுப்போரம் வைத்திருக்கிறேன். செல்லையா கொண்டுவந்த பொடிப் பொட்டலம் மாடத்தில் பிரிக்காமல் இருக்கிறது. விடிந்ததும் கொடி கருகிக் கிடந்தால், பூச்சி ஒன்றுகூட இல்லை பாருங்கள் என்று யாரிடம் போய்ச் சொல்வேன்.