எங்கள் வீட்டு அற்புதம்

அன்புள்ள அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீங்களும் அண்ணாவும் பெரியவனும் நலமாக இருக்க வேண்டும். வழக்கமாக எழுதுகிற வரிதான், ஆனால் இன்று அதை வேண்டுதலாகவே எழுதுகிறேன்.

போன் இருக்கும்போது இவள் ஏன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பீர்கள். என் போனை என் வீட்டுக்காரர், உங்கள் அருமைத் தம்பி, எந்த நேரமும் கையில் எடுப்பார். பிரார்த்தனைக் குழுவில் வருவதை எங்கள் இருவர் போனிலும் ஒலிக்கவிட வேண்டுமாம். அதனால் நான் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில், சாப்பாட்டு இடைவேளையில், லென்ஸ் தேய்க்கும் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். முதலாளியம்மா எட்டிப் பார்த்தால் மும்முரமாக லென்ஸைத் துடைக்கிறேன்.

நேற்று சாப்பிடும்போது உங்கள் தம்பி, "அக்கா மனசு மாறிட்டா. வர்ற ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பெரியவனுக்கு வலிப்பு மாத்திரைய நிறுத்தப் போறா. நம்ம மொட்டுவப் பாத்துதான் அவளுக்கு நம்பிக்கையே வந்துச்சு" என்றார். முகமெல்லாம் பூரிப்பு. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அண்ணி, எங்கள் பெண்ணைப் பார்த்து எதையும் நிறுத்திவிடாதீர்கள். காரணத்தைச் சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்வேன், என் சுபாவம் உங்களுக்குத் தெரிந்ததுதானே.

உங்கள் தம்பியை எனக்கு முன்பே அறிந்தவர் நீங்கள். லிஃப்ட் பழுது பார்க்கப் போனால், கயிற்றைத் தானே தொட்டுப் பார்க்காமல் உள்ளே கால் வைக்கமாட்டார். கத்தரிக்காய் வாங்கினாலும் காம்பைக் கிள்ளிப் பார்க்கிற மனுஷன். அவர் கண்ணை மூடிக்கொண்டு போய் விழுந்துவிட்டார் என்று யாராவது சொன்னால் எனக்கே கோபம் வரும். மொட்டுவுக்கு மருந்து கொடுத்தும் முதல் வருடம் வலிப்பு நிற்கவில்லை, டாக்டர் அளவை மாற்றிக்கொண்டே இருந்தார். அப்போதுதான் கூட வேலை செய்கிறவர் இவரைக் குழுவுக்கு அழைத்துப் போனார். அங்கே முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எங்கள் பிள்ளைக்காக அழுதார்களாம். வேற யாரு அழுதா, சொல்லு என்று கேட்டார்.

அந்தக் குழுவின் வழிகாட்டி காசு கேட்பதில்லை. கேட்டிருந்தால் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போயிருப்பேன். மாத்திரை வாய்க்குள் போகிறவரை நம்பிக்கை மனதுக்குள் இறங்காது என்று சாந்தமாகச் சொல்கிறார். அதை அவரே முழுசாக நம்புகிறார். அதனால்தான் அவரைப் பார்த்தால் எனக்குப் பயம்.

உங்கள் தம்பி அதையும் சோதித்துத்தான் பார்த்தார். மாத்திரையை நிறுத்திவிட்டு, அவள் குளிக்கும்போது கதவுக்கு வெளியே நின்றார், தூங்கும்போது கட்டில் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொண்டார். மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. போன மாதம் கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னார். அதைக் குழுவில் படம் பிடித்துப் போட்டார்கள். நீங்கள் பார்த்தது அந்த வீடியோதான்.

அண்ணி, மொட்டு ஒரு நாள்கூட மருந்து இல்லாமல் இருந்ததில்லை. டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அவர் கடைசியாக மாற்றிக் கொடுத்த அளவிலேயே, காலையும் மாலையும் நான் மாத்திரையைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கிறேன். மாத்திரை அட்டை இங்கே கடையில், உடைந்த ஃப்ரேம்கள் போடும் டப்பாவுக்கு அடியில் கிடக்கிறது; தினமும் இரண்டு வேளைக்கானதை மட்டும் முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டு போகிறேன். பிள்ளைக்கு மருந்தும் ஆச்சு, அவருக்கு நிம்மதியும் ஆச்சு என்று நினைத்தேன். அவருடைய அற்புதத்தைத் தினமும் ஸ்பூனால் கலக்கிக் கொடுப்பதே நான்தான் என்று உறைக்கவில்லை. அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு தாய், நாங்களும் நிறுத்திட்டோம் என்று எழுதியிருக்கிறாள். யாரோ, எந்த ஊரோ. அவளுக்கும் நான் சொல்லியாக வேண்டும். அதற்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.

போன வாரம் பால் கசக்குதுப்பா என்று மொட்டு அவரிடம் சொல்லிவிட்டாள். அவர் தம்ளரை வாங்கி முகர்ந்தார், ஒரு வாய் குடித்தும் பார்த்தார். நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, பொடி அடியில் தங்கியிருந்தது. கசக்கலையேடி, குடி என்று தலையைத் தடவிவிட்டுப் போனார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

வெட்கத்தை விட்டு இன்னொன்றும் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் அவள் பாலைக் கொட்டிவிட்டாள். அவர் வீட்டிலேயே இருந்ததால் மறுபடி கொடுக்க முடியவில்லை. அன்று அவர் அவள் தலையில் கை வைத்து வேண்டியபோது நானும் கூடவே முணுமுணுத்தேன். மாலைவரை ஒன்றும் ஆகவில்லை. ஒருவேளை இவர் சொல்வது நிஜம்தானோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. எல்லாம் தெரிந்த எனக்கே அப்படித் தோன்றினால், ஒன்றும் தெரியாத அவரை எப்படிக் குறை சொல்வேன்? அன்றிலிருந்து எனக்கு என்னைக் கண்டே பயம்.

அவரிடமே உண்மையைச் சொல்லலாமே என்பீர்கள். சொன்னால் நம்புவார். நம்பிவிட்டு, முதலிலிருந்து சோதிக்கத் தொடங்குவார். இந்த முறை பால் தம்ளரை என் கையில் தரமாட்டார். இந்தக் கடிதம் அவரிடம் போனால் என் பிள்ளைக்கு என்ன ஆகும் என்று தெரிந்தேதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவர் போன் செய்து கேட்டால், நிறுத்திவிட்டேன் என்று பொய் சொல்லிவிட்டு ரகசியமாகக் கொடுங்கள் என்றுதான் எழுத வந்தேன். வேண்டாம் அண்ணி. நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். நிறுத்தமாட்டேன் என்று அவரிடம் நேராகச் சொல்லுங்கள். நான் சொன்னால் அவநம்பிக்கை என்பார். அக்கா சொன்னால் அவரால் எதிர்த்துப் பேச முடியாது. இந்த வீட்டில் யாராவது ஒருவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் அடுத்ததாக நானும் சொல்வேன்.

பெரியவன் நன்றாக இருக்கட்டும். இதைப் படித்து முடித்ததும் முதலில் அவனுக்கு இன்றைய மாத்திரையைக் கொடுங்கள். பிறகு என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.

உங்கள் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கும்,
மொட்டுவின் அம்மா