பீங்கானுக்குக் காது கேட்காது

அனுப்புநர்
கொ. கனிஷ்கா,
த/பெ. கொளஞ்சிநாதன்,
பதினொன்றாம் வகுப்பு மாணவி,
17, களிமண் கிடங்குத் தெரு,
விருத்தாசலம்.

பெறுநர்
உயர்திரு சார் ஆட்சியர் அவர்கள்,
சார் ஆட்சியர் அலுவலகம்,
விருத்தாசலம்.

பொருள்: காது கேளாத ராஜபாளையம் நாயை வெறிநாய் எனச் சந்தேகித்து அடைத்து வைத்திருப்பது – பதிவேட்டைத் திருத்தி 14.08.2025 மாலைக்குள் நாயை விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எதுவும் இல்லை. (இதற்கு முன் நான்கு இடங்களில் கொடுத்த மனுக்களுக்கு யாரும் எண் தரவில்லை.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. கைவிடப்பட்ட நாட்டு இன நாய்களை மீட்டு, அவற்றுக்குப் புது வீடு தேடித் தரும் சிறு குழுவில் ஒன்றரை ஆண்டாகத் தொண்டு செய்து வருகிறேன். கால்நடை மருந்துக் கடை நடத்தும் திருமதி நீலாவதி அவர்கள் எங்கள் குழுவின் தலைவர். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி இனக் குட்டிகளை ஆசையாக வாங்குகிறவர்கள், அவை வளர்ந்து ஓடுவதற்கு இடம் கேட்கத் தொடங்கியதும் ரயில் சந்திப்பின் பின்புறத்திலோ செராமிக் கம்பெனி வாசலிலோ இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். இதுவரை பத்தொன்பது நாய்களுக்கு வீடு கிடைத்திருக்கிறது. இம்மனு இருபதாவது நாயைப் பற்றியது.

2. கடந்த மார்ச் மாதம், என் தந்தை வேலை செய்யும் கம்பெனியின் வெள்ளைக் களிமண் குவியல் மீது அந்த நாய் படுத்திருந்தது. மண்ணைக் கழுவிய பிறகும் அதே வெள்ளையாக இருந்ததால் பீங்கான் என்று பெயர் வைத்தோம். கூப்பிட்டால் திரும்பவில்லை. மூன்று நாள் அதைத் திமிர் என்றே நினைத்தோம். நான்காம் நாள் அதன் தலைமாட்டில் எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டபோதும் அது தூங்கிக்கொண்டிருந்தது. முழு வெள்ளையாகப் பிறக்கும் ராஜபாளையம் நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது என்று நூலகத்தில் படித்தேன். கால்நடை மருத்துவரும் பார்த்துவிட்டு அப்படியே சொன்னார். அதை எழுதி வாங்கிக்கொள்ள எங்களுக்குத் தோன்றவில்லை. தரையில் காலால் இரண்டு முறை தட்டினால் திரும்பவும், உள்ளங்கையைக் காட்டினால் உட்காரவும் நான்கு மாதம் பழக்கினேன்.

3. காது கேளாத நாயை வளர்க்க யாரும் முன்வரவில்லை. ஜூலையில் ஒரே ஒருவர் கேட்டார். அவர் கம்மாபுரம் பக்கத்து விவசாயி திரு. தேவநாதன். அவருடைய நிலம் சுரங்கத்தை ஒட்டியது. மதியம் வெடி வைக்கும் சத்தத்தில் மிரண்டு ஓடிய அவருடைய இரண்டு நாய்கள் திரும்பி வரவேயில்லை. நாயை ஒப்படைக்கும் முன் அதோடு மூன்று முறை அந்த வீட்டுக்குப் போய்வருவது எங்கள் வழக்கம். மூன்றாம் முறை, 02.08.2025 சனிக்கிழமை, நாங்கள் அங்கே இருந்தபோதே வெடி வைத்தார்கள். செம்பில் இருந்த தண்ணீர் ஆடியது. பீங்கான் தலையைத் தூக்கித் தரையை ஒருமுறை பார்த்துவிட்டு, அவர் காலடியில் மறுபடியும் படுத்துக்கொண்டது. “எனக்குன்னே பொறந்திருக்குதும்மா இது” என்றார் அவர்.

4. அடுத்து எழுதுவது என்னுடைய தவறு. இதை மறைத்துவிட்டு மற்றவர்கள் மீது புகார் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

எங்கள் நாய்களின் கழுத்தில் தொலைபேசி எண் எழுதிய பீங்கான் வில்லை கட்டியிருப்போம். கம்பெனியில் ஃபியூஸ் கட்டைகள் சுடும் சூளையில், ஓரமாக இடம் இருந்தால் என் தந்தை எங்கள் வில்லைகளையும் வைத்துத் தருவார். மெருகுக்கு அடியில் நீல மையில் எழுதிய எண் மழையில் அழியாது. நாய் புது வீட்டுக்குப் போகும்போது எங்கள் எண் உள்ள பழைய வில்லையைப் புது உரிமையாளர் முன்னிலையில் உடைத்துவிட்டு, அவருடைய எண் உள்ள வில்லையைக் கட்டுவோம். புதியது கைக்கு வந்த பிறகே பழையதை உடைக்க வேண்டும். சூளையைப் பிரித்துச் சுட்டவற்றை எடுப்பதோ வெள்ளிக்கிழமைகளில்தான். அந்தச் சனிக்கிழமை மகிழ்ச்சியில் நான் ஆறு நாள் முன்னதாகவே உடைத்துவிட்டேன். “அவசரப்பட்டுட்டியே பாப்பா, ஒரு துணியிலயாவது நம்பர எழுதிக் கட்டு” என்று நீலாவதி அவர்கள் சொன்னார்கள். அழகான வில்லை வரப்போகிறதே, ஆறு நாள்தானே என்று நான் கட்டவில்லை.

5. 05.08.2025 செவ்வாய்க்கிழமை காலை, புது வில்லை வரும்வரை பீங்கான் தங்கியிருந்த நீலாவதி அவர்கள் வீட்டுக்கு சிலிண்டர் போட வந்தவர் கதவைச் சாத்தாமல் போய்விட்டார். பீங்கான் தெருவுக்கு வந்து மணல் குவியலில் படுத்துக்கொண்டது. குடியிருப்போர் சங்கம் அழைத்திருந்த தனியார் நாய் பிடிக்கும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் அன்று அங்கே வந்தார்கள். எதிர்வீட்டு திருமதி அமிர்தம் அவர்கள் நேரில் பார்த்தவர். ஆட்கள் கத்தியும் கம்பால் தட்டியும் நாய் திரும்பவில்லை என்றும், பின்னாலிருந்து வலை விழுந்த பிறகே அது திடுக்கிட்டு வலையைக் கடித்தது என்றும் சொல்கிறார். தூங்கும்போது மேலே வலை விழுந்தால் யாரும் திடுக்கிடுவார்கள் ஐயா. ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் எழுதியிருப்பதை நான் பார்த்தேன்: “கழுத்தில் அடையாளம் இல்லை. அழைத்தால் உணர்வில்லை. கடிக்க வருகிறது. வெறி சந்தேகம்.”

6. அன்று முதல் பள்ளி விட்டதும் நான் செய்துவருவது அலைவது மட்டுமே. உரிமையாளர் கையெழுத்து இல்லாமல் நாயை விட முடியாது என்று போன இடமெல்லாம் சொல்கிறார்கள். எனக்குப் பதினெட்டு வயது ஆகவில்லை. நீலாவதி அவர்களின் கையெழுத்து செல்லாது, ஏனென்றால் குழு பதிவு செய்யப்படவில்லை. தேவநாதன் அவர்களின் கையெழுத்தும் செல்லாது, ஏனென்றால் நாய் இன்னும் அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. தடுப்பூசிப் புத்தகத்தில் உள்ள பெயரே செல்லுமாம். அந்தப் புத்தகம் களிமண் குவியலில் நாயோடு ஒரு பையில் கிடந்தது. அதில் இருந்த எண்ணுக்குப் பேசினேன். “அந்த நாயி எங்க வூட்டுலயே செத்துப்போச்சும்மா, இனிமே போன் பண்ணாதீங்க” என்று சொல்லி, எடுத்தவர் போனை வைத்துவிட்டார். அவருடைய பெயரை இங்கே எழுதி அவரைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. புத்தக நகலில் உள்ளது. நாய்க்கு ஊசி போட்டதற்கு ஆதாரமும் அதே பக்கத்தில் உள்ளது. அதை ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை.

7. கண்காணிப்பு பத்து நாளாம். பத்தாம் நாள் ஆகஸ்ட் 15. அன்று விடுமுறை, அதற்கடுத்த இரண்டு நாளும் விடுமுறை. பத்து நாளும் உயிரோடு இருந்தால் வெறி இல்லை என்று ஆகிவிடுமே, பிறகு என்ன செய்வீர்கள் என்று ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “தெருக்காரங்க திரும்ப வேணாங்கறாங்க. பைபாஸ் பக்கமா எறக்கி வுட்டுருவோம், பொழச்சிக்கும்” என்றார். லாரி ஹாரன் கேட்காத நாய் அந்தச் சாலையில் எப்படிப் பிழைக்கும் என்று கேட்டேன். நாய்களுக்கெல்லாம் காது சோதிக்க முடியுமா என்று சிரித்தார்.

8. முடியும் ஐயா. அதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. தங்கள் அலுவலர் ஒருவரைத் நாயை அடைத்து வைத்திருக்கும் திட்டக்குடி சாலைக் கொட்டகைக்கு அனுப்புங்கள். கூண்டின் பின்புறம் நின்று அவர் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் கூப்பிடட்டும். பிறகு கூண்டை ஒட்டி நின்று, தரையில் காலால் ஓங்கி இரண்டு முறை தட்டட்டும். நாய் திரும்பும். உள்ளங்கையைக் காட்டினால் உட்காரும். அதைப் பார்த்த பிறகும் அவருக்கு வெறி என்று தோன்றினால், அதன் பிறகு எந்த அலுவலகத்துக்கும் வந்து தொந்தரவு செய்ய மாட்டேன்.

ஆகவே, மேற்படி சோதனையை 14.08.2025 மாலைக்குள் நடத்தவும், பதிவேட்டில் “காது கேளாதது” எனத் திருத்தவும், நாயைத் திரு. தேவநாதன் அவர்களிடம் ஒப்படைக்கவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நான் கொட்டகைக்குப் போன இரண்டு நாளும் அதைத் தூரத்திலிருந்தே பார்க்கவிட்டார்கள். தரை சிமெண்டு, எனவே அவ்வளவு தூரத்திலிருந்து நான் தட்டியது அதற்கு எட்டவில்லை. நான் வந்ததே அதற்குத் தெரியாது.

நாள்: 11.08.2025
இடம்: விருத்தாசலம்

இப்படிக்கு,
தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
கொ. கனிஷ்கா

இணைப்பு:
1. தடுப்பூசிப் புத்தக நகல்.
2. திரு. தேவநாதன், திருமதி நீலாவதி, திருமதி அமிர்தம் ஆகியோர் கையெழுத்திட்ட தாள் (செல்லாது என்று சொல்லப்பட்டாலும்).
3. வெள்ளிக்கிழமை சூளையிலிருந்து வந்த பீங்கான் வில்லை ஒன்று. இது நகல் அல்ல. தயவுசெய்து இதைக் கோப்போடு சேர்த்துக் கட்டிவிட வேண்டாம்; கொட்டகைக்குப் போகும் அலுவலரிடம் கொடுத்து அனுப்பவும். அதில் உள்ளது தேவநாதன் அவர்களின் எண். எப்போது கூப்பிட்டாலும் எடுப்பார்.